மூன்றாம் எண் படகு

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
8 ஜனவரி 2024

அன்புள்ள செல்வி அக்காவுக்கு,

நான் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. உன் முதுகுவலியும் மாமாவின் தோள்வலியும் எப்படி இருக்கின்றன என்று எழுது. போனில் பேசினால் "சரி சரின்னு வச்சிடுறே" என்று குறை சொல்கிறாய். வைக்கத்தான் செய்கிறேன். அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் பிஎச்.டி. ஆராய்ச்சிக்கு ஆறு பைபர் படகுகள் வேண்டும். கனகசெட்டிக்குளத்துக் கரையிலிருந்து பத்து கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் செத்துவிடுகிறது. நான் ஒவ்வொரு படகிலும் சோப்பு டப்பா அளவில் ஒரு ரேடியோப் பெட்டி வைக்கிறேன். தூரத்தில் இருக்கும் படகு பக்கத்துப் படகுக்குச் சேதி சொல்லும், அது அடுத்ததற்குச் சொல்லும், கடைசியில் கரைக்கு வந்து சேரும். எந்தப் படகு எதன் வழியாகப் பேசுவது என்பதைப் பெட்டி முடிவு செய்யாது. கரையில் என் கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருள் முடிவு செய்யும். அதற்குக் கன்ட்ரோலர் என்று பெயர். படகுகள் நகர நகர அது வழியை மாற்றும். மாற்ற வேண்டுமானால் ஒவ்வொரு படகும் எங்கே நிற்கிறது என்று அரை நிமிடத்துக்கு ஒரு தடவை அதற்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

நடுக்கடலில் இஞ்சின் நின்றால் வீட்டுக்குச் சேதி வரும். ஊருக்கும் லாபம், எனக்கும் பட்டம்.

மாமாவிடம் நீயே பேசிவிடு. நான் பேசினால் அவர் "ம்" என்கிறார். அதற்குமேல் என்ன சொல்வதென்று எனக்குத் தெரிவதில்லை. முழுப் பதிவு பெட்டியின் மெமரி கார்டில் இருக்கும். பதினைந்து நாளைக்கு ஒரு முறை உன் நாத்தனார் தனம் பெரிய மார்க்கெட்டுக்கு மீன் கொண்டு வரும்போது கொடுத்தனுப்பு. நான் போய் வாங்கிக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இனியவன்

*

கனகசெட்டிக்குளம்
17 ஜனவரி 2024

தம்பி இனியவனுக்கு அக்கா எழுதுவது.

இங்கே நாங்கள் சுகம். என் முதுகுக்கு என்ன, அது பாட்டுக்கு வலிக்கிறது. பொங்கலுக்கு நீ வரவில்லை என்று மாமா இரண்டு தடவை கேட்டார். அப்பா காலில் புண் எதுவும் வராமல் பார்த்துக்கொள்.

உன் பெட்டி விஷயத்தைச் சொன்னேன். வலையைத் தைத்துக்கொண்டே கேட்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் எங்க நிக்கிறேன்னு கரையில தெரியுமா?"

"அவன் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான்."

"அந்தக் கம்ப்யூட்டர் யாருகிட்ட இருக்கு?"

"என் தம்பிகிட்ட."

"உன் தம்பிகிட்டன்னா சரி. ஆனா ஒண்ணு சொல்லிடு. பாரு எங்க இருக்குன்னு எங்க அப்பா எனக்குச் சொன்னதே அவரு படுத்த படுக்கையா ஆன பிற்பாடுதான்."

உனக்குத் தெரியுமோ என்னவோ, கடலுக்கு அடியில் பாறை இருக்கிற இடத்தைத்தான் பாரு என்கிறார்கள். கலவா மீனும் சங்கராவும் அங்கேதான் அடையும். ஆளுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறார்கள், யாரும் யாருக்கும் சொல்வதில்லை. இவர் தன் ஜி.பி.எஸ். கருவியைக்கூடத் துண்டில் சுற்றித்தான் படகுக்குக் கொண்டு போவார்.

நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். அவர் ஒத்துக்கொண்டதைப் பார்த்துக் கோவிந்தராசு அண்ணன் உட்பட மற்ற ஐந்து பேரும் சரி என்றார்கள். இந்த ஊரில் இன்னமும் நான் டவுன்காரிதான். ஞாபகம் வைத்துக்கொள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

செல்வி

*

முத்தியால்பேட்டை
6 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்கா,

சுகம். அப்பாவும் சுகம், கால் நன்றாக இருக்கிறது, காலையில்கூடப் பார்த்தேன்.

மாமாவின் கவலைக்குப் பதில்: யார் பெயரும் எங்கேயும் வராது. படகுகளுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண். மாமா மூன்று. என் கம்ப்யூட்டரில் தேடினாலும் நாகராஜ் என்ற சொல் கிடைக்காது. இது என் துறையின் முறை. என்னைவிட இதில் யாரும் கறாராக இருக்க முடியாது.

இப்போது என் கவலை. கார்டு பார்த்தேன். மூன்றாம் எண் காலை ஆறரை மணிக்கு மறைந்து பத்து மணிக்குத் திரும்ப முளைக்கிறது. தினமும். பேட்டரி கோளாறு என்று இரண்டு நாள் வீணாக்கினேன். பெட்டியில் கோளாறு இல்லை. மாமா வயரைப் பிடுங்கிவிடுகிறார். நடுவில் ஒரு படகு காணாமல் போனால் அதன் வழியாகப் பேசும் மற்ற படகுகளும் அறுந்துபோகும். இப்படி இருந்தால் ஆராய்ச்சி எதற்கு?

பிடுங்க வேண்டாம் என்று சொல். என் கையில் இன்னும் ஒரு வருட உதவித்தொகைதான் இருக்கிறது. இதைப் புரிய வைக்க உன்னால்தான் முடியும்.

முதுகுக்கு டாக்டரைப் பார்.

இனியவன்

*

கனகசெட்டிக்குளம்
21 பிப்ரவரி 2024

தம்பிக்கு,

நாங்கள் நலம், நீயும் அப்பாவும் நலமாக இருக்க வேண்டும்.

சொன்னேன். முதலில் சிரித்தார். "கண்டுபுடிச்சிட்டானா உன் தம்பி" என்றார். நான் விடவில்லை. அவன் வாக்குக் கொடுத்திருக்கிறான், பெயர் வராது என்று எழுதியிருக்கிறான், இதோ பாருங்கள் என்று உன் கடிதத்தையே காட்டினேன். படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார்.

"பேரு வந்தா என்னா, வராட்டி என்னா. என் பேரு ரேஷன் கார்டுல இருக்குது."

"அப்ப என்னதான் சொல்றீங்க?"

"ஒண்ணும் சொல்லல. நீ சொல்றே, புடுங்கல."

அன்றிலிருந்து வயரைத் தொடவில்லை. கார்டு இத்துடன் இருக்கிறது. பாலித்தீன் பையில் சுற்றியிருக்கிறேன், தனம் அண்ணியின் கூடையில் ஐஸ் தண்ணீர் பட்டுவிடப்போகிறது.

செல்வி

*

முத்தியால்பேட்டை
25 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம்தானே. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது, அப்பா மாடியில் படுக்கிறார்.

செவ்வாய்க்கிழமை கோவிந்தராசு அண்ணன் படகு இஞ்சின் நின்றதே, அந்தச் சேதி எங்கே எங்கே போனது தெரியுமா? ஆறிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து ஒன்று, ஒன்றிலிருந்து கரை. மொத்தம் பதினோரு நொடி. மாமா போய் இழுத்து வந்தார் என்று நீ போனில் சொன்னபோது நான் லேபில் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து நாற்காலி ராஜ்கமல் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். அவன் யாருக்கும் வாங்கிக் கொடுப்பவன் இல்லை.

இன்னொன்று. இந்தத் துறையில் எல்லோரும் கம்ப்யூட்டருக்குள்ளேயே படகு விட்டு, அது இஷ்டத்துக்கு அலைவதாக வைத்துக்கொண்டு கட்டுரை எழுதுகிறார்கள். நிஜப் படகு அலைவதில்லை. நேராக ஓர் இடத்துக்குப் போய் நிற்கிறது. அதிலும் மூன்றாம் எண், வாரத்தில் நான்கு நாள் அதே இடம். அப்படியென்றால் நாளை எது எங்கே இருக்கும் என்று கன்ட்ரோலர் முந்திக்கொண்டு வழி போட்டு வைக்கலாம். இதுதான் என் கண்டுபிடிப்பு. கைடு முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். கட்டுரை ஆய்விதழுக்குப் போய்விட்டது.

ஜூனில் கல்லூரியில் கண்காட்சி. கடலோர ஊர்களிலிருந்து ஆட்களை அழைக்கிறார்கள். மாமாவை முன்வரிசையில் உட்கார வைப்பேன். கட்டாயம் வாருங்கள்.

இனியவன்

*

கனகசெட்டிக்குளம்
30 ஜூன் 2024

தம்பிக்கு,

விழாவுக்கு வந்து நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உனக்கு மாலை போட்டபோது அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். பிரியாணி நன்றாக இருந்தது என்று கோவிந்தராசு அண்ணன் சொன்னார். எங்களுக்குப் பசியில்லை.

வாசலில் வைத்திருந்த அந்தப் பெரிய பிளெக்ஸ் பேனரை மாமா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வாங்க போகலாம் என்று நான்தான் கூப்பிட்டேன்.

இந்த முறை கார்டு இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

செல்வி

*

முத்தியால்பேட்டை
2 ஆகஸ்ட் 2024

அக்கா,

நலமா? உன்னிடமிருந்து ஒரு மாதமாக ஒரு வரிகூட இல்லை. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, நீ எடுப்பதில்லை.

ஜூலை முதல் தேதியிலிருந்து மூன்றாம் எண் இல்லை. ஒரு வாரத்தில் மற்ற ஐந்தும் இல்லை. கடைசி அத்தியாயத்துக்கு இன்னும் முப்பது நாள் பதிவு வேண்டும் என்று சொல்லியிருந்தேன். பெட்டி வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லலாமே.

நேற்று மார்க்கெட்டுக்குப் போனேன். "கார்டு ஏதாவது குடுத்தாங்களா?" என்று தனம் அக்காவைக் கேட்டேன். வஞ்சரத்தை வெட்டிக்கொண்டே, "மீனு வேணுமா?" என்றது. இல்லை என்றேன். "அப்ப ஓரமா நில்லு, ஆளு வர்ற வழி" என்றது. என்னை யாரென்றே தெரியாதது மாதிரி.

நான் என்ன செய்தேன்? மாமாவுக்கு முன்வரிசைதானே கொடுத்தேன். மேடையில் அவர் பெயரைச் சொல்லவில்லை என்று கோபமா? சொல்லக்கூடாது என்றுதானே பேச்சு.

நேராக எழுது. சுற்றி வளைப்பது எனக்குப் புரியாது.

இனியவன்

*

கனகசெட்டிக்குளம்
19 ஆகஸ்ட் 2024

இனியவனுக்கு,

உயிரோடு இருக்கிறோம். தபாலில் அனுப்புகிறேன். அண்ணி இனி உன் கடிதத்தையும் என் கடிதத்தையும் கூடையில் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டது.

நேராக எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

உன் பேனரில் நீலமாகக் கடல் போட்டு, ஓரத்தில் எண்கள் போட்டு, நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்திருந்தாயே. எட்டடிக்குப் பன்னிரண்டடி. அந்தச் சிவப்புதான் மாமாவின் பாரு. அவர் பெயர் அதில் இல்லை, நீ சொன்ன சொல் தவறவில்லை. ஓரத்து எண்களை ஜி.பி.எஸ்ஸில் அடித்தால் போதும், யாருடையது என்று எவனுக்கு வேண்டும்? வந்திருந்தவர்களில் யாரோ போனில் படம் எடுத்திருக்கிறார்கள். பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. படம் அழகாக இருக்கிறது என்றுகூட அவரிடம் சொன்னேன்.

விழா முடிந்த மூன்றாம் நாள் விடியலில் அவர் போனபோது தெற்கத்திப் படகுகள் பதினாலு சுற்றி நின்றிருக்கின்றன. சுருக்குமடி வலை போட்டு அள்ளியிருக்கிறார்கள். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். வலை மாட்டிக் கிழிந்து அடியிலேயே கிடக்கிறதாம். கிழிந்த வலை கிடக்கும் பாரில் மீன் வந்து அடையாது. ஒரு மாதமாகப் போய்ப் பார்க்கிறார். சங்கரா ஒன்று, இரண்டு. கலவா கிடையாது.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். ஒரே ஒரு தடவை சொன்னார். "சட்டையெல்லாம் தேச்சுப் போட்டுக்கினு போயி, என் எடத்த நானே வேடிக்கை பாத்துட்டு வந்தேன்."

வயர் விஷயம் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

செல்வி

*

முத்தியால்பேட்டை
25 ஆகஸ்ட் 2024

அக்கா,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

பேனர் அச்சுக்குப் போவதற்கு முந்தைய நாள் ராஜ்கமல் கேட்டான்: "இது இன்னா எடம்டா, யாராவது போயிட மாட்டாங்களா?" நான் அவனிடம், "கடல்டா அது, யாரு வேணா போலாம்" என்றேன். யோசிக்காமல் சொன்னேன் என்று எழுதலாம்தான். யோசித்துத்தான் சொன்னேன். கட்டுரையைச் சரிபார்த்தவர்கள் நிஜ வரைபடம் கேட்டார்கள், ஓரத்து எண்களை எடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அதே படத்தைத்தான் பேனருக்கும் கொடுத்தேன். பெயர்தான் இல்லையே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். யார் என்பதை மறைத்தால் போதும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கே என்பதும் ஒருவருடைய சொத்தாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. மாமா சொன்னார். அதை நான் கேட்கவில்லை.

சரி, நடந்ததை விடு. இதற்கு ஒரு வழி இருக்கிறது. இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். மற்ற ஐந்து படகுகளும் அடிக்கடி நின்ற இடங்கள் எல்லாம் என் பதிவில் இருக்கின்றன. ஒன்பது இடம். எண்களோடு எழுதியிருக்கிறேன். கோவிந்தராசு அண்ணனுக்கு மட்டும் மூன்று இருக்கிறது, அவர் ஒன்றைத்தான் தினமும் பயன்படுத்துகிறார், மற்ற இரண்டும் சும்மா கிடக்கின்றன. மாமா அங்கே ஆரம்பிக்கலாம். யாருக்கும் தெரியாது. என்னால் இப்போது செய்ய முடிந்தது இதுதான்.

சீக்கிரம் அவரிடம் கொடு. சீசன் போய்விடும்.

இனியவன்

*

கனகசெட்டிக்குளம்
9 செப்டம்பர் 2024

இனியவனுக்கு,

தாளைக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது. கிழித்து அடுப்பில் போட்டிருக்க வேண்டும். ஒரு பொழுது என் மடியிலேயே வைத்திருந்தேன். வீட்டில் அன்று குழம்புக்கு விலைக்கு மீன் வாங்கியிருந்தோம். அந்த நினைப்பில் கொடுத்துவிட்டேன்.

படித்தார். எழுந்து சட்டை போட்டுக்கொண்டு கோவிந்தராசு அண்ணன் வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். வாசலில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் தாளை நீட்டினார்.

"இந்தா கோவிந்தராசு. உன்னுது மூணு இருக்குது. சரியான்னு பாரு."

அண்ணன் பார்த்தார். முகம் செத்துப்போனது. "எவன்டா குடுத்தது?"

"எம் மச்சான். எனக்கு உதவி பண்றானாம்."

அப்புறம் இவரே சொன்னார். "உன் எடத்த எனக்குக் குடுக்கறவன், என் எடத்த தெரியாம குடுத்துட்டான்னு நான் ரெண்டு மாசமா நெனைச்சிக்கினு இருந்தேன்."

இனியவா, இரண்டு மாதமும் அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தெரியாமல் நடந்தது என்று. எனக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

அன்று மாலையே ஐந்து பெட்டிகளும் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டன. எங்களுடையதோடு ஆறு. சாக்கில் கட்டிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இவர் படகைக் கரையில் ஏற்றி வைத்துவிட்டு, தெற்கே ஒரு விசைப்படகில் கூலிக்குப் போகிறார். ஐந்து நாளைக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருகிறார். வந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்.

ஊரில் யாரும் என்னைத் திட்டவில்லை. குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். நான் பொறுப்பு என்ற வார்த்தையை இனி இந்த வீட்டில் எதற்கும் என்னால் சொல்ல முடியாது.

இப்போதைக்கு வராதே. அப்பாவைப் பார்த்துக்கொள்.

செல்வி

*

முத்தியால்பேட்டை
24 நவம்பர் 2024

மரியாதைக்குரிய நாகராஜ் மாமாவுக்கு,

இனியவன் எழுதுகிறேன். தோள்வலி எப்படி இருக்கிறது? விசைப்படகில் வலை இழுத்தால் அது கூடும் என்று எனக்குத் தெரியும். நானும் அப்பாவும் சுகம்.

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. இதுவரை எழுதிய எல்லாமே உங்களைப் பற்றியவை, எல்லாவற்றையும் அக்காவுக்கு எழுதினேன். உங்களிடம் வந்து, எதிரில் உட்கார்ந்து, உங்கள் "ம்" எதற்கு என்று ஒரு நாள் கேட்டிருந்தால் போதும். எனக்கு நேரம் இல்லை என்று நினைத்தேன்.

செய்ததைச் சொல்லிவிடுகிறேன். பேனரை நானே போய் அறுத்துக் கொளுத்தினேன். இதழுக்கு எழுதி அந்த வரைபடத்தை எடுக்கச் சொன்னேன். இணையத்தில் எடுத்துவிட்டார்கள், ஆனால் அதற்குள் முந்நூறு பேருக்கு மேல் இறக்கியிருக்கிறார்கள், அவர்களிடமிருந்து எடுக்க முடியாது. ஆறு படகுகளின் பதிவையும் அழித்தேன். அந்த அத்தியாயம் இல்லாமல் ஆய்வேடு நிற்காது என்று கைடு சொல்லிவிட்டார். உதவித்தொகை ஜனவரியோடு முடிகிறது. ஒரு கேபிள் கம்பெனியில் வீடு வீடாக வைபை மாட்டும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். இதை உங்கள் நஷ்டத்தோடு வைத்துப் பார்க்க எழுதவில்லை. பாதிகூட வராது.

பேனரில் என்ன இருக்கிறது என்று தெரிந்துதான் வைத்தேன். தாளையும் தெரிந்துதான் அனுப்பினேன். அக்காவுக்கு எதுவும் தெரியாது. அக்கா கொடுத்த வாக்கு என்னை நம்பிக் கொடுத்தது. தவறியது நான். கோபம் என்னோடு இருக்கட்டும். அக்காவிடம் பேசுங்கள் மாமா.

இனியவன்

*

கனகசெட்டிக்குளம்
29.12.24

இனியவனுக்கு நாகராஜ் எழுதுவது.

உன் கடுதாசி வந்தது. கடலில் இருந்தேன், அதனால் பதில் தாமதம். நான் சுகம். உங்க அக்கா சுகம். பேசிக்கினுதான் இருக்கோம்.

உங்க அப்பாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

பொங்கலுக்கு உங்க அக்கா அங்கே வரணும்னு ஆசைப்படுது. போகி அன்னிக்குக் காலையில பஸ் ஏத்தி விடறேன். நாலு நாள் வச்சிருந்து நீ பஸ் ஏத்தி அனுப்பிடு. இங்க ஸ்டாப்பிங்கில நான் நிப்பேன்.

கூட வர வேண்டாம்.

இப்படிக்கு,
ப. நாகராஜ்